வினைல் சைடிங் சுவர்களில் கறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினைல் சைடிங் (வெளிச்சுவரின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் பலகை) பதித்த வீடுகளில் குடியிருப்பவர்கள் கறைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தேவையான இடத்தில் முந்தைய பதிலின் எண்ணைச் சுட்டியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் ‘எதைப் போட்டால் போகும்’ என்றே தொடங்குகிறார்கள். ‘இது எங்கிருந்து வருகிறது’ என்பதை முதலில் கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு இரண்டாம் முறை கழுவும் வேலை இருந்திருக்காது.

1. எங்கள் வீட்டு வெளிச்சுவரில் இருப்பது வினைல்தானா என்பதே சந்தேகமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வினைல் பலகை மந்தமான, உள்ளீடற்ற ஒலி எழுப்பும். அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீளும். அலுமினியம் தகரத்தைப் போல ஒலிக்கும், அடிபட்ட இடத்தில் பள்ளம் நிலைத்து நிற்கும், பூச்சு உரிந்த இடத்தில் உலோகம் தெரியும். வினைலில் தனியாகப் பூச்சு என்று பெரும்பாலும் எதுவும் இல்லை; பி.வி.சி. பிளாஸ்டிக்கோடு நிறமியைக் கலந்தே பலகையைத் தயாரிக்கிறார்கள். அதன் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் என்பதையும், அதன் மேற்பரப்பு மென்மையானது என்பதையும் பின்வரும் எல்லாப் பதில்களிலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டும்போது கல்லைப் போலக் கெட்டியாக ஒலித்து, விளிம்புகள் உடையும் தன்மையோடு இருந்தால், பழைய வீடுகளில் அது கல்நார் கலந்த சிமென்ட் ஓடாக இருக்கக்கூடும். அதைத் தேய்க்கவோ அழுத்த நீரால் அடிக்கவோ கூடாது. இங்கே சொல்லப்படும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

2. மழை பெய்யும்போது சுவர் தானாகவே கழுவப்பட்டுவிடுமே, தனியாக எதற்குக் கழுவ வேண்டும்?

மழை நேராகப் படும் இடங்களில் அது பெரும்பாலும் உண்மைதான். கூரை நீட்சியின் அடியிலும், தாழ்வாரத்தின் உட்பக்கத்திலும், பலகை மடிப்புகளின் கீழ்விளிம்பிலும் மழை எட்டுவதில்லை. அங்கே தூசியும் மகரந்தமும் புகையும் படிந்து, இரவு ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படிவுதான் பாசிக்கும் பூஞ்சைக்கும் உணவாகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கழுவினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மரங்கள் நெருங்கி நிற்கும் வீட்டுக்கும், போக்குவரத்து மிகுந்த சாலையோர வீட்டுக்கும் இரண்டு முறை தேவைப்படலாம்.

3. சாதாரண அழுக்குக்கு எதைக் கொண்டு கழுவுவது? கீழிருந்து மேலே போக வேண்டும் என்கிறார்களே, அது ஏன்?

தோட்டக் குழாயில் வரும் தண்ணீர், ஒரு வாளியில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவம், நீண்ட கைப்பிடியுள்ள மென்மையான தூரிகை ஆகியவை போதும். கார் கழுவுவதற்கு விற்கும் தூரிகை மிகவும் ஏற்றது. கம்பி நார், கம்பித் தூரிகை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வாருங்கள். அவை ஏற்படுத்தும் கீறல்களில் அடுத்த பருவத்து அழுக்கு முன்னைவிட உறுதியாகக் குடியேறும்.

சோப்பு நீரைக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும், நல்ல நீரால் அலசும்போது மேலிருந்து கீழாக வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால், அழுக்குக் கரைந்த சோப்பு நீர் கீழே உலர்ந்து கிடக்கும் பலகைமீது வரிவரியாக ஓடிக் காய்ந்து, கழுவிய பிறகும் கோடுகளாகத் தெரியும். கீழ்ப்பகுதி ஏற்கெனவே நனைந்திருந்தால் அந்தக் கோடுகள் பிடிப்பதில்லை. ஒரே மூச்சில் முழுச் சுவரையும் நனைக்காமல், பத்தடி அகலமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் காய்வதற்குள் அலசி முடியுங்கள். வெயில் நேராக அடிக்கும் நேரத்தைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

4. கறை என்னவென்றே தெரியவில்லை. எதைத் தடவுவது என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் கறையின் இடத்தையும் வடிவத்தையும் பாருங்கள். நிறம் அதற்குப் பிறகுதான். நிழல் பக்கத்தில் பரவலாகப் படர்ந்த பச்சை என்றால் பாசி. ஆணி, விளக்குக் கம்பி, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றின் அடியிலிருந்து இறங்கும் செம்பழுப்புக் கோடு என்றால் துரு. தரையிலிருந்து ஓரிரு அடி உயரம்வரை தெறித்த மண்நிறம் என்றால் மழைத்துளி எறிந்த மண். செம்புத் தகட்டின் கீழே நீலப்பச்சைக் கோடு இருந்தால் அது செம்பு கரைந்து இறங்கியது. சிதறிய கரும்புள்ளிகளுக்கு 12ஆம் கேள்வி தனியாகவே இருக்கிறது.

கரும்பழுப்பு நிறமாக இருந்து, பூஞ்சையா வெறும் அழுக்கா என்று புரியாவிட்டால், அதன்மீது ஒரு துளி ப்ளீச்சைப் பஞ்சால் வைத்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள். நிறம் வெளிறினால் அது பூஞ்சை அல்லது பாசி. மாறாவிட்டால் அழுக்கு, புகை அல்லது எண்ணெய்ப் பசை. சோதித்த இடத்தைத் தண்ணீரால் நன்றாக அலசிவிட்ட பிறகே வேறு எதையும் தடவ வேண்டும்.

5. நான்கு பக்கமும் ஒரே பலகைதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் பச்சையாகிறது. பலகையில் குறையா?

பலகையில் குறையில்லை, வெயில் இல்லாததுதான் குறை. பூமியின் வடகோளத்தில் வீட்டின் வடக்குப் பக்கமும் தென்கோளத்தில் தெற்குப் பக்கமும் குறைந்த வெயிலைப் பெறுவதால், பனியும் மழையும் அங்கே நெடுநேரம் காயாமல் தங்குகின்றன. பாசி வினைலைத் தின்பதில்லை. வினைல் அதற்குப் பிடிப்பிடம் மட்டுமே. அதன்மீது படிந்த தூசியும் மகரந்தமும் ஈரமும்தான் அதற்கு வேண்டியவை. ஆகவே பாசி பலகையை அரித்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் கழுவிய பிறகும் மங்கலான நிழல் தங்கிவிடும்.

அந்தப் பக்கத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் புதர்களைக் கழித்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கேனும் இடைவெளி விட்டுப் பாருங்கள். காற்று ஓடத் தொடங்கினால் பாசி திரும்பி வரும் வேகம் கண்கூடாகக் குறையும். எந்தத் திரவமும் இந்த வேலையை அதற்குப் பதிலாகச் செய்யாது.

6. பாசிக்கும் பூஞ்சைக்கும் வினிகர் நல்லதா, ப்ளீச் நல்லதா? இரண்டையும் சேர்த்தால் இன்னும் வேகமாகப் போகுமா?

சேர்க்கவே கூடாது. ப்ளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்தால் குளோரமின் வாயு கிளம்பும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது, துரு நீக்கிகளில் அமிலம் இருக்கிறது என்பதால், ப்ளீச்சைப் பயன்படுத்தும் நாளில் அதைத் தவிர வேறெதையும் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

லேசான பூஞ்சைக்கு 30 பங்கு வெள்ளை வினிகரும் 70 பங்கு தண்ணீரும் கலந்த கரைசல் போதும். ஊறிப்போன பாசிக்கு, நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு ப்ளீச் என்ற அளவில் கலந்து, அம்மோனியா இல்லாத சலவைத் தூள் சிறிதளவு சேர்த்துத் தடவலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலச வேண்டும். நீர் கலக்காத ப்ளீச்சை நேராகச் சுவரில் ஊற்றுவது கறையோடு பலகையின் பளபளப்பையும் பாழாக்கும். திறந்து ஆண்டுக்கணக்கில் ஆன ப்ளீச் புட்டியை நம்ப வேண்டாம். அதன் வீரியம் மாதங்கள் போகப் போகத் தானாகவே குறைகிறது.

7. சுவரோரம் பூச்செடிகள் இருக்கின்றன. ப்ளீச் பட்டால் கருகிவிடாதா?

கருகக்கூடும். தொடங்குவதற்கு முன்பே செடிகளையும் மண்ணையும் நல்ல நீரால் நன்றாக நனைத்துவிட்டால் அவை ப்ளீச் நீரைக் குறைவாக உறிஞ்சும். வேலை முடிந்ததும் மறுபடி அலசுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவதானால் வெயிலில் நெடுநேரம் விட்டுவிடாதீர்கள். அடியில் சேரும் வெப்பமே செடியை வாட்டிவிடும்.

செடிகளைப் பற்றிய கவலை மிகுதியானால், சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். ‘ஆக்சிஜன் ப்ளீச்’ என்ற பெயரில் இது விற்கப்படுகிறது. குளோரின் வாடை இல்லை, செடிகளுக்கும் உலோகப் பொருத்துகளுக்கும் இது மென்மையானது. பாசி, புல், இலைச்சாறு போன்ற உயிர்க்கறைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, சற்றுக் கூடுதல் நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான்.

8. பிரஷர் வாஷர் (நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் இயந்திரம்) வாடகைக்குக் கிடைக்கிறது. அதை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம். என்ன முடிந்துபோகிறது என்பதுதான் கேள்வி. வினைல் பலகைகள் சுவரோடு இறுக்கி அடிக்கப்படுவதில்லை. வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால், ஆணித்தலைக்கும் பலகைக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, ஒன்றன்மேல் ஒன்று கொக்கிபோல மாட்டித் தொங்கவிடுகிறார்கள். மழைநீர் மேலிருந்து கீழே வழியும் என்ற கணக்கில் அமைந்த ஏற்பாடு இது. கீழே நின்றுகொண்டு அழுத்த நீரை மேல்நோக்கிப் பாய்ச்சினால், அது மடிப்புக்குள் புகுந்து பலகைக்குப் பின்னால் உள்ள மரத்தை நனைக்கிறது. சில சமயம் பலகையையே கொக்கியிலிருந்து கழற்றிவிடுகிறது.

சில உற்பத்தியாளர்கள் இதை அனுமதிப்பதே இல்லை, ஆகவே முதலில் உத்தரவாதத் தாளைப் பாருங்கள். அனுமதி இருந்தால், 25 அல்லது 40 பாகை விரிந்து பீய்ச்சும் முனையை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து வைத்து, சுவரிலிருந்து தள்ளி நின்று, கண் மட்டத்தில் நேராகவோ சற்றுக் கீழ்நோக்கியோ பிடிக்க வேண்டும். சன்னல் ஓரம், மின் பொருத்துகள், காற்றுப்போக்கிகள் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டவே வேண்டாம். என் கருத்தில், கறையை நீக்க வேண்டியது கரைசலும் ஊறும் நேரமும்தான், அழுத்தம் அல்ல. அவை சரியாக இருந்தால் தோட்டக் குழாயே போதும்.

9. சுவரைத் தொட்டால் கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. கழுவினால் போகிறது, பிறகு மறுபடி வருகிறது. இது எந்த வகைக் கறை?

இது கறையே அல்ல, பலகையின் மேற்பரப்புதான். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பலகையின் வெளிப்பரப்பில் உள்ள பிளாஸ்டிக்கை ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைக்கும்போது, அதில் கலந்திருந்த டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நிறமிகள் பிடிப்பை இழந்து மாவாக வெளியே நிற்கின்றன. எல்லா வினைலிலும் இது ஓரளவு நிகழும். வெளிர் நிறங்களில் கண்ணுக்குத் தெரியாது; அடர் நிறங்களில் சுவர் வெளுத்துப்போனதுபோல் தோன்றும். நனைத்ததும் பழைய நிறம் திரும்பி, காய்ந்ததும் மறைந்தால், இந்த மாவுதான் காரணம்.

மென்மையான தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு சீராகக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும். சீராக என்பதுதான் இங்கே முக்கியம். மாவு படிந்த சுவரில் ஓரிடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தாலோ அழுத்த நீரால் கோடு போட்டாலோ, அந்தத் தடம் வரிக்குதிரைக் கோடுபோல நிரந்தரமாக நின்றுவிடும். ஒருமுறை விழுந்த கோட்டை மறைக்க முழுச் சுவரையும் அதே அளவுக்குக் கழுவுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

10. துருக் கோட்டுக்கு ப்ளீச் போட்டேன், இன்னும் அடர்த்தியாகிவிட்டது. ஏன்?

துரு என்பது இரும்பு ஆக்சைடு. ப்ளீச் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள் என்பதால், கறையில் உள்ள இரும்பை மேலும் துருவாக்கி நிலைப்படுத்திவிடுகிறது. துருவுக்கு அமிலம்தான் வேண்டும். லேசான கோடானால் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். அழுத்தமானதானால் ஆக்சாலிக் அமிலம் உள்ள துரு நீக்கியைக் கையுறை அணிந்து, மறைவான இடத்தில் சோதித்துவிட்டுத் தடவலாம். ஏற்கெனவே ப்ளீச் போட்டிருந்தால் சுவரை முழுமையாக அலசி, வேறொரு நாளில் அமிலத்துக்குப் போங்கள். காரணம் 6இல் இருக்கிறது.

கோட்டின் மேல்முனையில் ஒரு துருப்பிடித்த திருகோ, கம்பியோ, விளக்கின் அடித்தகடோ நிச்சயம் இருக்கும். அதைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றாமல் கோட்டை மட்டும் துடைப்பது வீண்வேலை. புல்தரைக்கு இரும்புச் சத்துள்ள உரக்குருணை போட்டபின் தண்ணீர் தெளித்தாலும் சுவரின் அடியில் செம்புள்ளிகள் விழுவதுண்டு.

11. தோட்டத் தெளிப்பான் படும் இடத்தில் விசிறிபோல வெள்ளைப் படிவு இருக்கிறதே?

கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் அவை. வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒட்டி வைத்துத் துடைத்தால் கரையும். விசிறி செம்மஞ்சளாக இருந்தால் நிலத்தடி நீரில் இரும்பு இருக்கிறது, 10ஐப் பாருங்கள். எதுவானாலும் தெளிப்பானின் தலையைச் சுவரிலிருந்து திருப்புவது ஒரு நிமிட வேலை.

12. சுவரிலும் காரிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கின்றன. தார்போல இருக்கிறது, எதற்கும் அசையவில்லை. பூச்சியின் எச்சமா?

கறைகளிலேயே மிகவும் பிடிவாதமானது இதுதான். இது பூச்சியின் எச்சமல்ல, ஸ்ஃபெரோபோலஸ் என்ற பூஞ்சையின் வித்துப் பொதி. பூச்செடிகளின் அடியில் பரப்பும் மரச்சிம்பு மூடாக்கில் இது வளர்கிறது. அதன் சிறிய கிண்ணம் நட்சத்திரம்போல விரிந்து, உள்ளே சேர்ந்த நீரழுத்தத்தால் திடீரென வெளிப்புறமாகப் புரண்டு, வித்துப் பொதியை 6 மீட்டர் தொலைவுவரைகூட எறிந்துவிடும். எறிவது வெளிச்சத்தை நோக்கி. வெண்மையான சுவர் வெளிச்சத்தை எதிரொளிப்பதால் அதுவே இலக்காகிறது. குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த இளவேனிலும் இலையுதிர் காலமுமே அதற்கு உகந்த பருவம்.

அந்தப் பொதியைச் சுற்றியுள்ள பசை காய்ந்துவிட்டால் பிறகு ப்ளீச், வினிகர், அழுத்த நீர் எதற்கும் அது இளகுவதில்லை. புதிதாக விழுந்து இன்னும் ஈரமாக இருப்பவற்றைச் சோப்பு நீரால் தேய்த்து எடுக்கலாம். காய்ந்தவற்றை நனைத்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டியதுதான். எடுத்த பிறகும் பழுப்பு வளையம் மிஞ்சுவதுண்டு. வாசல்கதவுக்கு அருகே கண்ணில் படும் சில பலகைகளுக்கு இந்த உழைப்பு தகும், முழுச் சுவருக்கும் தகாது.

ஆகவே தடுப்பதுதான் இங்கே உண்மையான மருந்து. சுவரை ஒட்டிய பாத்தியில் மரச்சிம்பை அகற்றிச் சரளைக்கல்லைப் பரப்பினால் பூஞ்சைக்கு உணவே இல்லை. மூடாக்கு வேண்டுமென்றால், விரைவில் காயும் பெரிய மரப்பட்டைத் துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். காளான் வளர்ப்பில் பயன்படுத்தி முடித்த எருவை மூடாக்கோடு 40 சதவீதம் அளவுக்குக் கலந்தால் இந்தப் பூஞ்சை அடங்குவதாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பழைய மூடாக்கின்மேல் புதியதைப் பரப்பி மூடுவது சில காலம் உதவும், ஆனால் அந்தப் புதிய அடுக்கும் மட்கத் தொடங்கியதும் அதிலும் இது குடியேறும்.

13. பறவை எச்சமும் சிலந்தி எச்சமும்?

பறவை எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அதன் தூசி மூச்சுக்கு நல்லதல்ல. நனைத்து, ஊறவிட்டு, சோப்பு நீரால் துடையுங்கள். பழம் தின்ற பறவைகள் விடும் ஊதாக் கறைக்கு ஆக்சிஜன் ப்ளீச் பொருந்தும். சிலந்தியின் கருப்பு வெள்ளைப் புள்ளிகள் இரவு விளக்கைச் சுற்றியே மிகுதியாக இருக்கும், ஏனெனில் விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது. வெண்ணிற விளக்கை மஞ்சள் ஒளி தருவதாக மாற்றினால் பூச்சிகளின் வருகை குறையும்.

14. தார், மரப்பிசின், மார்க்கர் மை, பெயிண்ட் தெறிப்பு ஆகியவற்றுக்குத் தின்னர் போடலாமா?

கூடாது. அசிட்டோன், லாக்கர் தின்னர், டொலுயீன், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பி.வி.சி.யையே இளக்கக்கூடியவை. கறை கரையும்போது பலகையும் சேர்ந்து கரைந்து, பிசுபிசுப்பான மங்கல் தழும்பு மிஞ்சும். அதன்பின் நீக்க வேண்டியது எதுவும் இருக்காது, மாற்ற வேண்டிய பலகைதான் இருக்கும்.

தாரையும் பிசினையும் பனிக்கட்டிப் பையால் குளிர்வித்துக் கெட்டியாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்தெடுங்கள். மிஞ்சும் பிசினுக்கும் மார்க்கர் மைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து உடனே அலசலாம். காய்ந்த பெயிண்ட், பென்சில் கோடு, தாரின் நிழல் ஆகியவற்றுக்கு, சமையலறைத் தொட்டி துலக்கும் மென்மையான பசை வகைத் துப்புரவுப் பொருளை மிகக் குறைவாக, அழுத்தமில்லாமல் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதிக்க வேண்டும்.

15. வெள்ளை நிற ‘மாய’ ஸ்பாஞ்ச் எல்லாக் கறையையும் எடுக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

அது மெலமைன் நுரை. சோப்பு இல்லாமலே கறை போவதற்குக் காரணம், அது மிக நுண்ணிய உப்புத்தாளைப் போலப் பரப்பைச் சிராய்ப்பதுதான். ஒரு காலணித் தடத்துக்கு அது சரி. ஓர் அடி அகலத்துக்குத் தேய்த்தால், மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் தனித்துத் தெரியும்.

16. கரி அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் மஞ்சளாகி, சற்று நெளிந்தும் இருக்கிறது. எதைப் போட்டுத் துடைப்பது?

மஞ்சள் புகையானால் சோப்பு நீருக்குப் போகும். நெளிவு போகாது. வினைல் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் இளகத் தொடங்கும். ஒருமுறை இளகி நெளிந்தது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. அடுப்பைச் சுவரிலிருந்து பல அடி தள்ளி வையுங்கள்.

அடுப்பே இல்லாத இடத்தில் நெளிவு தோன்றினால் எதிரே உள்ள சன்னல்களைப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் நுண்பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடிகள் சிறிது உட்குழிந்து, சூரிய ஒளியைக் குவித்து அண்டை வீட்டுச் சுவரை இளக்குவது அறியப்பட்ட ஒன்று. சன்னலுக்கு வெளிப்புறத் திரை போடுவதே அதற்குத் தீர்வு.

17. ஒவ்வொரு சன்னலின் இரு மூலையிலிருந்தும் கண்ணீர்க்கோடுபோல அழுக்கு இறங்குகிறது. கழுவினாலும் சில மாதங்களில் திரும்பிவிடுகிறது.

சன்னல் விளிம்பில் தேங்கும் தூசியை மழைநீர் இரு ஓரங்கள் வழியாகவே வெளியேற்றுகிறது. அத்துடன் அங்கே இடைவெளியை அடைக்கப் பூசிய சிலிக்கோன் சீலண்டிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை தூசியை ஈர்த்துப் பிடிக்கிறது. சன்னல் விளிம்பைச் சுவரைவிட அடிக்கடி துடைப்பது நல்லது. பழைய சீலண்டை நீக்கிப் புதிதாகப் பூசும்போது, வெளிச்சுவருக்கென்றே தயாரிக்கப்பட்ட, கறைபடுத்தாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இதே கோடுகள் கூரை விளிம்பிலிருந்து இறங்கினால் மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு நிரம்பி வழிகிறது என்று பொருள். இலைக் குப்பையில் ஊறிய அந்தக் கரும்பழுப்பு நீர் தேநீர்க் கறையைப் போலப் பிடிக்கும். கால்வாயைத் துப்புரவாக்கிவிட்டுச் சுவருக்கு வாருங்கள்.

18. பலகையின் கீழ்விளிம்பில் உள்ள சிறு துளைகளிலிருந்து பழுப்பு நீர் வடிகிறது. அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். உள்ளே புகும் நீரும் குளிர்ந்து படியும் ஈரமும் வெளியேறுவதற்காகவே உற்பத்தியாளர் வைத்த வடிதுளைகள் அவை. தெளிந்த நீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. பழுப்பு நீர் வடிந்தால், பின்னால் உள்ள மரப்பலகை நெடுநாளாக நனைந்து அதன் சாறு இறங்குகிறது, அல்லது உள்ளே ஆணிகள் துருப்பிடிக்கின்றன.

இந்தக் கறையைத் துடைப்பதில் பொருள் இல்லை. மேலே எங்கே நீர் புகுகிறது என்று தேட வேண்டும். சன்னலின் மேல்விளிம்பு, கூரையும் சுவரும் சேரும் மூலை, குழாய்கள் சுவரைத் துளைத்து வெளிவரும் இடம் ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. வினைல் பலகையை அதற்கென உள்ள கொக்கிக் கருவியால் உடைக்காமல் கழற்றி மாட்டலாம் என்பதால், திறந்து பார்ப்பது அஞ்சுவதைப் போலப் பெரிய வேலை அல்ல. மரம் மெத்தென்று அழுந்தினால் தொழில்முறையாளரை அழையுங்கள்.

19. ஒரு கறையைத் துடைத்தேன். இப்போது அந்த இடம் மட்டும் பளிச்சென்று, சுற்றிலும் உள்ளதுதான் கறைபோலத் தெரிகிறது. என்ன செய்வது?

துடைத்த இடம்தான் பலகையின் உண்மையான நிறம். சுற்றிலும் இருப்பது தூசியானால், ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை அந்தப் பக்கம் முழுவதையும் 3இல் சொன்னபடி கழுவினால் சமமாகிவிடும். மாவுப் படிவானால் 9 பொருந்தும். எந்தக் கறையானாலும் அதை மட்டும் தேய்க்காமல், அந்தப் பலகையின் முழு நீளத்தையும் சேர்த்துத் துடைக்கும் பழக்கம் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

20. தோட்டக் குழாயைச் சுற்றி மாட்டியிருந்த இடத்தில் மஞ்சள் வளையம் விழுந்திருக்கிறது. எதைத் தேய்த்தும் போகவில்லை.

ரப்பரில் கலக்கப்படும் சில வேதிப்பொருள்கள், நெடுநாள் ஒட்டியிருந்தால் வினைலுக்குள் ஊடுருவி அதன் நிறத்தையே மாற்றிவிடும். அது மேலே படிந்த கறையல்ல என்பதால் துடைத்து எடுக்க முடியாது. டீட் என்ற பொருள் கலந்த கொசுவிரட்டித் தெளிப்பும் பிளாஸ்டிக்கைப் பாதிக்கும் என்பதால், சுவரருகே நின்று உடலில் அடித்துக்கொள்ள வேண்டாம். குழாய்க்கு, சுவரைத் தொடாத ஒரு தாங்கி வாங்குங்கள்.

21. கழுவிய பிறகு மெழுகோ பாதுகாப்புப் பூச்சோ அடித்தால் கறை பிடிக்காமல் இருக்குமா?

வெளுத்த பலகைக்குப் பளபளப்பு ஊட்டும் திரவங்கள் கிடைக்கின்றன. அவை நிறத்தை ஓரளவு மீட்கும், ஆனால் காலப்போக்கில் திட்டுத்திட்டாகத் தேய்ந்து, திரும்பப் பூசும்படி ஆகும். நல்ல நிலையில் உள்ள பலகைக்கு அவற்றை நான் சொல்வதில்லை. தெளித்துவிட்டு அலசாமல் விடும் பாசித் தடுப்புத் திரவங்கள், குறிப்பாகப் பென்சால்கோனியம் குளோரைடு உள்ளவை, சில வாரங்களில் மெல்ல வேலை செய்யும். நிழல் பக்கத்துக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை அவற்றைப் பயன்படுத்துவது பொருளுள்ள செலவு.

22. பேசாமல் மேலே பெயிண்ட் அடித்துவிட்டால்?

அடிக்கலாம், ஆனால் பாசியின்மேல் அடித்தால் பூச்சோடு சேர்ந்து உரியும். முழுமையாகக் கழுவி, மாவுப் படிவை நீக்கி, காயவிட்ட பிறகே தொடங்க வேண்டும். வினைலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட அக்ரிலிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். இப்போதுள்ள நிறத்தைவிட அடர்ந்த சாதாரணப் பெயிண்ட் கூடுதல் வெயிலை உறிஞ்சிப் பலகையை நெளியவைக்கும். உத்தரவாதம் இன்னும் இருந்தால், பெயிண்ட் அடிப்பதால் அது போய்விடுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

23. ஒரு பலகை மட்டும் மீட்க முடியாமல் கெட்டுவிட்டது. புதியதை வாங்கி மாட்டினால் நிறம் பொருந்தவில்லை. வேறு வழி இருக்கிறதா?

அதே நிறுவனத்தின் அதே நிறத்தை வாங்கினாலும், வெயிலில் ஆண்டுகளாக வெளுத்த சுவரோடு புதிய பலகை பொருந்தாது. ஆகவே புதியதை முன்பக்கம் மாட்டாதீர்கள். வீட்டின் பின்புறத்திலோ கொட்டகையின் மறைவிலோ, ஏறத்தாழ இதே அளவு வெயில் பட்ட ஒரு பலகையை 18இல் சொன்ன கருவியால் கழற்றி, அதைக் கெட்டுப்போன இடத்தில் மாட்டி, புதியதை அந்த மறைவிடத்துக்கு அனுப்புங்கள். குளிரில் வினைல் எளிதில் உடையும் என்பதால் மிதவெப்ப நாளில் செய்வது நல்லது. ஆணியை நீள்துளையின் நடுவில், பலகை இடவலமாக நகரும்படி தளர்வாகவே அடிக்க வேண்டும்.